அயலவராகும் உரிமை

1976ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் வட்டுக்கோட்டைத் தொகுதியிலுள்ள பண்ணாகத்திலே கூடிய தமிழர் விடுதலைக் கூட்டணி மாநாட்டின் தீர்மானத்தை நம்மவருட் பலர் அதன் ஒரு கூற்றினால் மட்டுமே நினைவில் வைத்திருக்கின்றனர். தனி அரசை வேண்டிய கூற்று அது. ஆனால் அதே தீர்மானம், அமையவிருக்கும் அரசு சமதர்ம அரசாக இருக்கும் என்றும், அங்கே சாதி ஒழிக்கப்படும் என்றும், பிறப்பினால் வரும் ஏற்றத்தாழ்வை எந்த வடிவிலே கைக்கொண்டாலும் அது சட்டத்தினால் தண்டிக்கப்படும் என்றும் உரைத்தது. அம்மாநாடு நிகழ்ந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டாகிறது. அந்த அரசு அமையவில்லை. அக்கோரிக்கை சரியா, பிழையா என்பது ஈண்டு நமது ஆராய்ச்சியன்று. நாம் கேட்க விரும்புவது வேறொன்று. அன்று அளிக்கப்பட்ட வாக்குறுதிகளுள் அரசு இல்லாமல் நிறைவேற்ற முடியாதவை எவை? அரசு வரும்வரை காத்திராமலே நிறைவேற்றியிருக்கக் கூடியவை எவை? நிலமற்ற ஒரு குடும்பத்துக்கு இரண்டு பரப்புக் காணியை உரிய விலைக்கு விற்பதற்கு ஓர் அரசு தேவையா? அக்குடும்பத்தை அயலாக ஏற்பதற்கு ஒரு கொடி தேவையா?

வெறும் கற்பனையிலிருந்து எழுந்த வினாவன்று இது. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே வலிகாமம் வடக்கின் மயிலிட்டி, காங்கேசன்துறை, பலாலி முதலிய ஊர்களிலிருந்து மக்கள் பெயர்க்கப்பட்டனர். அவ்வூர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. பெயர்க்கப்பட்டோரிற் பலர் மல்லாகம், சுன்னாகம், கோணாப்புலம் முதலிய இடங்களிலே நலன்புரி முகாம்கள் எனப்பட்ட ஒற்றையறைக் குடில்களிலே வாழ்ந்தனர். அங்கே பிறந்த குழந்தைகள் வளர்ந்து, மணம் புரிந்து, அதே முகாமிலே தம் குழந்தைகளையும் பெற்றனர். 2009இல் போர் முடிந்தபின் காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. 2017இல் மயிலிட்டித் துறைமுகமும் விடுவிக்கப்பட்டது. உறுதி உடையோர் மீண்டனர். வசதி உடையோர் முன்பே வேறிடங்களிற் காணி வாங்கியோ, கடல் கடந்து சென்றோ தம் வழியைப் பார்த்துக்கொண்டனர். பல்லாண்டுகள் கழிந்தும் முகாமிலே எஞ்சியவர்கள் யார்? திரும்பிச் செல்வதற்குச் சொந்தக் காணி எதுவும் இல்லாதவர்கள். அவர்களிற் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பது தற்செயலன்று.

வீடமைப்புத் திட்டங்கள் வராமலில்லை. 2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டம் வடக்குக்கும் கிழக்குக்கும் 46,000 வீடுகளை ஒதுக்கியது. பயனாளி தானே கட்டுவதற்கு வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா வழங்கப்பட்டது. பயனுள்ள திட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டுவதற்கு நிலம் வேண்டுமே! நிலம் உடையவனுக்கே வீடு. நிலமில்லாதவனுக்கு அத்திட்டம் எட்டாது. அதிகம் தேவைப்பட்டவனே அதிகம் விலக்கப்பட்டான். எங்கிருந்தோ கடன்பட்டுக் காணி வாங்க முன்வந்தவனுக்கும் வழி எளிதாக இருக்கவில்லை. விலை விசாரித்தபொழுது காணி இருந்தது. ஊர் எது, யாருடைய ஆட்கள் என்று விசாரித்தபின் காணி இல்லாமற் போயிற்று. அயலட்டையிலே ஒருவர் விற்க முன்வந்தாலும், ‘யாருக்கு விற்கிறாய், நாங்கள் இங்கே இருக்கிறதில்லையோ’ என்று வேலிக்கு மறுபக்கத்திலிருந்து குரல் எழுந்தது.

தனி மனிதன் விற்க மறுப்பது ஒரு வடிவம். ஊர் கூடி மறுப்பது இன்னொரு வடிவம். ஒரு வெறுங்காணியிலே நிலமற்றோருக்கு வீடமைக்கும் பேச்சு எழுந்தால், பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுதப்படக்கூடிய மகஜரின் வாசகம் நாம் அனைவரும் அறிந்ததே. அதில் சாதி என்ற சொல் வராது. நிலத்தடி நீர் பழுதாகும். பாதை ஒடுங்கியது, போக்குவரத்துக்குத் தாங்காது. கோயிலின் புனிதம் கெடும். பாடசாலையின் தரம் தாழும். காணியின் பெறுமதி வீழும். ஊரின் அமைதி குலையும். எல்லாம் பொதுநலத்தின் மொழி. ஆகவே இந்நியாயங்களை வெறும் பாசாங்கு என்று தள்ளிவிடாமல், ஒவ்வொன்றையும் எடுத்து நிறுத்துப் பார்ப்பதே முறை.

முதலில் நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. மாரியில் ஓடி அராலியிலே கடலோடு சேரும் வழுக்கையாறு ஒன்றே நமக்கு ஆறு. சுண்ணக்கற் பாறையினுள் தேங்கும் மழைநீரே நம் கிணறுகளின் உயிர். மலக்குழிகள் நெருங்கினாலும், தோட்டங்களுக்கு இரசாயன உரம் மிகுந்தாலும் அந்நீர் கெடும் என்பது உண்மை. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. ஆகவே நீரைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் ஒரு சோதனை செய்து பார்ப்போம். அதே காணியிலே வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் நான்கு குளியலறைகளுடன் மாடி வீடு எழுப்பினால் மகஜர் எழுதப்படுமா? ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் வந்து போகும் கலியாண மண்டபம் கட்டப்பட்டால் நிலத்தடி நீர் நினைவுக்கு வருமா? வருமாயின் அந்தக் கவலை நீரைப் பற்றியது. வராதாயின் அது நீரைப் பற்றியதன்று; அந்நீரை அள்ளப்போகும் கைகளைப் பற்றியது. இதே உரைகல்லிலே பாதையையும், பாடசாலையையும், காணிப் பெறுமதியையும் உரைத்துப் பார்க்கலாம். நேர்மையான ஆட்சேபம் பரிகாரத்தைத் தேடும். கசியாத மலக்குழி வேண்டும், பாதையை அகலமாக்க வேண்டும் என்று சொல்லும். நேர்மையற்ற ஆட்சேபம் பரிகாரம் கிடைத்தவுடன் வேறொரு காரணத்தைத் தேடும்.

‘எங்கள் காணி எங்கள் பாட்டன் தேடியது, யாருக்கு விற்பது என்பது எங்கள் சுதந்திரம்’ என்பர் சிலர். இச்சுதந்திரத்தின் வரலாற்றைச் சற்றே நோக்கல் தகும். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்துச் சட்டமாக்கிய தேசவழமை, சொத்தைப் பற்றியும் சீதனத்தைப் பற்றியும் பேசுவதோடு அடிமைகளைப் பற்றியும் பேசுகிறது. இலங்கையிலே அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844இல். விடுவிக்கப்பட்டவர்களுக்குச் சட்டம் சுதந்திரத்தைக் கொடுத்தது, நிலத்தைக் கொடுக்கவில்லை. அவர்கள் உழைத்த தோட்டமும் ஏறிய பனையும் உடையவனிடமே இருந்தன. உடையவனின் காணியிலே, அவன் மனம் கோணாதிருக்கும்வரை குடிசை போட்டுக்கொள்ளும் ‘சலுகை’ மட்டுமே அவர்களுக்குக் கிட்டியது. கூலி கூட்டிக் கேட்டவனை, கோயிலுக்குள் நுழைய முயன்றவனை அடக்குவதற்குச் சவுக்குத் தேவைப்படவில்லை. ‘காணியை விட்டு எழும்பு’ என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. ஆகவே பாட்டன் தேடிய காணியிலே அப்பாட்டனின் உழைப்பு மட்டுமன்றி, உறுதியிலே பெயர் எழுதப்படாத பலரின் உழைப்பும் புதைந்து கிடக்கின்றது. ஒருவன் தன் பொருளை விற்க மறுப்பது சுதந்திரமாகலாம். ஓர் ஊரே கூடி ஒரு சாராருக்கு மட்டும் விற்பதில்லை என்று தீர்மானிப்பது சுதந்திரமன்று. அது எழுதப்படாத சட்டம். மனிதரை ஆளும் சட்டத்தை எழுதாமலே நடைமுறைப்படுத்தும் அதிகாரத்தை ஊருக்கு யார் கொடுத்தார்?

எழுதப்பட்ட சட்டம் இவ்விடத்தே வலுவற்றது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கடையும், பாடசாலையும், ஆலயமும் போன்ற பொது இடங்களிலே விலக்குவதைக் குற்றமாக்கியது. அச்சட்டத்துக்கு உயிர் கொடுக்க 1966 முதல் சுன்னாகத்திலும் சங்கானை நிச்சாமத்திலும் மாவிட்டபுரத்திலும் மக்கள் குருதி சிந்திப் போராட நேர்ந்தது. ஆனால் தனியார் காணியை ஒருவன் யாருக்கு விற்பது என்பது அச்சட்டத்தின் கைக்கு எட்டாத இடமாகவே நின்றது. 1972இன் நிலச் சீர்திருத்தச் சட்டம் தனியொருவர் வைத்திருக்கக்கூடிய உச்ச அளவை வயலாயின் 25 ஏக்கர், ஏனையவாயின் 50 ஏக்கர் என வகுத்தது. பரப்புக் கணக்கிலே காணி அளக்கும் யாழ்ப்பாணத்தில் அந்த வலையில் அகப்பட்டது சொற்பமே. தமிழ்நாட்டில் 1971இலே இயற்றப்பட்ட குடியிருப்புச் சட்டம், பிறர் நிலத்தில் குடிசையிட்டிருந்த விவசாயத் தொழிலாளருக்கு அக்குடிசை நின்ற மண்ணையே உரிமையாக்க முற்பட்டது. அத்தகைய ஒரு சட்டத்தை நம் தலைவர்கள் வேண்டிக் குரல் எழுப்பியிருந்தால், பின்னர் வந்த முகாம்களிலே நிலமற்றோரின் தொகை எவ்வளவு குறைந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் நன்று.

இனி, நம் வாசகர் சிலர் உள்ளத்தே எழக்கூடிய வலுவான ஓர் ஆட்சேபத்துக்கு வருவோம். 1949இல் கல்லோயாவிலே தொடங்கிய அரச குடியேற்றங்களைத் தமிழ் மக்கள் எதிர்த்தனர். 1980களிலே மணலாறு வெலிஓயா ஆக்கப்பட்டதையும் எதிர்த்தனர். ‘ஒரு பிரதேசத்திலே யார் குடியேறுவது என்பதில் அங்கு வாழும் மக்களுக்கு ஒரு சொல் உண்டு’ என்பதே அவ்வெதிர்ப்பின் அடிப்படை. அந்த நியாயம் ஒரு தேசிய இனத்துக்குச் செல்லுமாயின் ஓர் ஊருக்கு ஏன் செல்லாது? ஒன்றை ஏற்று மற்றதை மறுப்பது முரண்பாடன்றோ?

முரண்பாடு போலத் தோன்றுவது உண்மையே. ஆனால் இரண்டிலும் ‘குடியேற்றம்’ என்ற சொல் ஒன்றாக இருப்பதே அத்தோற்றத்துக்குக் காரணம். அரச குடியேற்றத்தை எதிர்த்தவர்கள் அங்கு வந்த ஏழைச் சிங்கள விவசாயியின் பிறப்பை எதிர்த்திருந்தால் அவ்வெதிர்ப்பும் கண்டிக்கத்தக்கதே. நியாயமான எதிர்ப்பு, படையையும் பணத்தையும் கையில் வைத்திருந்த அரசு ஒரு மக்கட் கூட்டத்தின் அரசியற் பலத்தைக் குறைக்கவும் வாழ்ந்தவரைப் பெயர்க்கவும் குடியேற்றத்தைக் கருவியாக்கியதை எதிர்த்தது. அது வலியவனின் திட்டத்துக்கு எதிராக எளியவன் எழுப்பிய குரல். வட்டுக்கோட்டையிலோ மல்லாகத்திலோ இரண்டு பரப்பு வேண்டி நிற்பவனின் பின்னால் எந்தப் படை நிற்கிறது? அவன் யாரைப் பெயர்க்கிறான்? அவன் வேற்று நாட்டவனல்லன். அந்த மண்ணைக் கொத்தியவனின் மகன். அந்தக் கடலிலே வலை வீசியவனின் மகள். இங்கே வலியவன் வேலிக்குள் இருக்கிறான். எளியவன் படலைக்கு வெளியே நிற்கிறான். எளியோரின் கேடயமாகப் பிறந்த ஒரு நியாயத்தை எடுத்து, தம்மிலும் எளியோரின் முகத்திலே அறைவோர், அந்நியாயத்தையே பொய்யாக்குகின்றனர். ஒரு பாயை நமக்கு விரித்து, மற்றவன் இருக்கும்போது சுருட்டிக்கொள்வது நியாயமாகாது.

எதிர்ப்பு யாவும் ஒன்றல்ல என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு புத்தூரிலே உண்டு. கலைமதிக் கிராமத்து மக்கள் தம் குடியிருப்புக்கு நடுவே பிணம் எரிப்பதை நிறுத்துமாறு 2017இலே தொடர்ந்து போராடினர். அவர்களும் ஊராரே; அவர்கள் சொன்னதும் ‘இது எங்கள் அயலில் வேண்டாம்’ என்பதே. ஆனால் அவர்கள் மறுத்தது தம் குழந்தைகளின் மூச்சிலே கலக்கும் புகையை, மனிதரை அன்று. இருப்பவர் நிலமெல்லாம் வேலியிட்டபின், சுடலை ஓரமே இல்லாதவர்க்கு எஞ்சியது. முதலிலே ஊருக்குள் இடம் மறுப்பது. பின் ஊருக்கு வெளியே வாழ்வதன் துன்பத்தைச் சொன்னால் அதையும் மறுப்பது. இது நம் சமுதாயத்தின் இரட்டைப் பூட்டு.

வேலி போடும் மனம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் ஒக்ஸ்போட் நகரிலே, நகரசபை வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர் தம் தெருவுக்குள் வாராதபடி, தனியார் வீட்டு நிறுவனமொன்று 1934இலே தெருக்களின் குறுக்கே மதில்களை எழுப்பியது. கற்றோர் நகரமாகிய அங்கே அம்மதில்கள் 1959 வரை நின்றன. அமெரிக்காவின் நியூ ஜேர்சியிலுள்ள மவுண்ட் லோறல் என்னும் ஊரிலே, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கறுப்பின மக்கள் 36 எளிய வீடுகளைக் கட்ட 1970இலே அனுமதி கேட்டனர். ஊர்ச்சபை மறுத்தது. எதெல் லோறன்ஸ் என்னும் பெண்மணியும் அவர் தோழரும் வழக்காடினர். ஓர் ஊர் தன் கட்டட விதிகளைக் கொண்டு ஏழைகளை வெளியே நிறுத்தலாகாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1975இலும் 1983இலும் தீர்ப்பளித்தது. எனினும் வீடுகள் எழுந்து மக்கள் குடிபுகுந்தது 2000ஆம் ஆண்டளவிலேதான். எதெல் லோறன்ஸ் அதற்குமுன் 1994இலே காலமாகிவிட்டார். குற்றம் பெருகும், பெறுமதி வீழும், வரி ஏறும் என்று ஊரார் அஞ்சினரல்லவா? டக்ளஸ் மாஸி என்ற சமூகவியலாளரும் அவருடன் ஆராய்ந்தோரும் 2013இலே வெளியிட்ட நூலில் இம்மூன்றும் நிகழவில்லை என்று காட்டினர். நிகழ்ந்தது ஒன்றே: வந்தவரின் வாழ்வு உயர்ந்தது. முப்பது ஆண்டுகள் ஒரு கற்பனைப் பயத்துக்காக உண்மையான மனிதர் விலை கொடுத்தனர்.

‘அப்படியானால் அரசு அவர்களுக்குத் தனியாக ஓர் இடத்திலே வீடு கட்டிக் கொடுக்கட்டுமே’ என்று கூறுவோரும் உளர். கீரிமலைப் பகுதியிலே 2016இல் இராணுவத்தின் உழைப்பைக் கொண்டு நிலமற்றோருக்கு எழுப்பப்பட்ட நூறு வீடுகளுக்கு நல்லிணக்கபுரம் என்று பெயரிட்டனர். முகாமிலே கால் நூற்றாண்டு கழித்தவருக்குக் கல்வீடு கிடைத்ததை நாம் குறைத்து மதிப்பிடோம். தமிழ்நாட்டில் 1997இலே தொடங்கிய சமத்துவபுரத் திட்டமும் நல்ல நோக்குடையதே. நூறு வீடுகளுள் நாற்பதைத் தலித்துகளுக்கும் ஏனையவற்றைப் பிற சாதியினருக்கும் கலந்து ஒதுக்கியது. ஆனால் இரண்டும் நம் முன் ஒரே வினாவை நிறுத்துகின்றன. புதிதாகக் கட்டிய ஊரிலேதான் நல்லிணக்கமும் சமத்துவமும் வாழ வேண்டுமா? பழைய ஊர்களின் கதி என்ன? ஒதுக்கப்பட்டோரை ஒரு புறத்தே சேர்த்துக் குடியேற்றுவது அவர்களுக்குக் கூரை கொடுக்கலாம். ஊருக்கோ பாவமன்னிப்பு மட்டுமே கொடுக்கும். இதனாற் புறக்குடியேற்றமே வேண்டாம் என்று கூறி, உள்ளூரிலும் இடம் கொடாதிருப்போரின் தந்திரத்துக்கு நாம் இடமளித்தலாகாது. கூரை இன்றே வேண்டும். அத்துடன் ஊருக்குள்ளே நிலமும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பது எதிர்ப்பின் நாகரிக வடிவமேயாகும்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாளை யாழ்ப்பாணத்தார் எவரும் மறக்கவில்லை. வலிகாமத்தின் பெரும்பகுதி அன்றிரவு மழையிலே தென்மராட்சியை நோக்கி நடந்தது. கல்வீடு உடையவரும் குடில் உடையவரும் ஒரே பாதையிலே நின்றனர். உறுதிப் பெட்டியைத் தலையிலே சுமந்தவனுக்கும் அன்றிரவு சொந்தமாக ஓர் அடி நிலம் இருக்கவில்லை. தென்மராட்சியாரின் விறாந்தைகளிலும் பாடசாலைகளிலும் மர நிழல்களிலும் வலிகாமம் தங்கியது. அன்று சாதி முற்றாக மறைந்தது என்று நாம் பொய் கூறோம். ஆயினும், இடமற்றவனாக நிற்பது என்றால் என்ன என்பதை ஒவ்வொருவரும் தம் காலாலே கற்றனர். சில மாதங்களின் பின் மீண்டு வந்து படலையைத் திறந்தோருக்கு அந்தப் பாடம் முடிந்துவிட்டது. முகாமிலே எஞ்சியவர்களுக்கு அந்த இரவு விடியவில்லை. தாம் ஏதிலியாகியபோது அயலாரிடம் எதிர்பார்த்ததைத் தம்மிடம் எதிர்பார்க்க மற்றவருக்கு உரிமை உண்டு என்று ஏற்றுக்கொள்வதே அறத்தின் முதற்படி. அந்தப் படியில் ஏறாதவன் கூறும் விடுதலை, தனக்கு மட்டுமான விடுதலை.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதிலே செய்யக்கூடியது யாது? வட்டுக்கோட்டைக்கு இன்னொரு மரபும் உண்டு. இங்குள்ள யாழ்ப்பாணக் கல்லூரியோடு தொடர்புடைய இளைஞரும் ஆசிரியருமே, ஹண்டி பேரின்பநாயகம் முதலானோர், 1924இலே மாணவர் காங்கிரசைத் தோற்றுவித்தனர். பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் புகழ்பெற்ற அவ்வியக்கம் தீண்டாமை ஒழிப்பைத் தன் குறிக்கோளாக வைத்துச் சமபந்தி போசனம் நடத்தியது. 1930 அளவிலே பாடசாலைகளிற் சம ஆசனம் கொடுக்கப்பட்டதற்காகச் சில பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாக்கப்பட்ட காலம் அது. அன்றும் எதிர்த்தவர்கள் சுத்தத்தையும் ஒழுங்கையும் கல்வித் தரத்தையுமே பேசினர். இன்று எந்தப் பெற்றோரும் வாங்கில் யார் அருகே யார் இருப்பது என்று வெளிப்படையாகக் கேட்கத் துணியார். கேட்பது வெட்கம் என்ற நிலையைச் சில ஆசிரியர்கள் உருவாக்கினர். சட்டம் பின்னே வந்தது.

வாங்கிலே அருகிருக்க வைத்தவர்கள், வளவிலே அருகிருக்க வைக்கும் பணியை மிச்சமாக விட்டுச் சென்றுள்ளனர். மகஜர் ஒன்று கையெழுத்துக்கு வரும்போது, அதை எழுதித் தருமாறு ஊரார் நாடுவது பெரும்பாலும் ஆசிரியரையே. அந்தப் பேனாவை எடுக்க மறுக்கலாம். ‘இதே காரணம் மாடி வீட்டுக்கும் பொருந்துமா?’ என்று கூட்டத்திலே எழுந்து கேட்கலாம். வெளிநாட்டிலுள்ள உறவினரின் காணி பற்றைக்காடாகக் கிடந்தால், அதை யாருக்கு விற்கலாகாது என்று அவருக்கு எழுதும் கடிதத்தின் இடத்தில், யாருக்கு விற்கலாம் என்று ஒரு கடிதம் எழுதலாம். கோயிற் காணியிலும் பொதுக் காணியிலும் நிலமற்றோருக்குப் பங்கு கேட்டுப் பிரதேச சபையின் பொதுக் கூட்டத்துக்குச் செல்லலாம். இவற்றுள் எதற்கும் ஓர் அரசு வேண்டியதில்லை.

பண்ணாகத்திலே வாசிக்கப்பட்ட தீர்மானத்தின் அந்த மறக்கப்பட்ட வாக்குறுதி இன்னும் காலாவதியாகவில்லை. அதை நிறைவேற்றும் அதிகாரம் கொழும்பிலும் இல்லை, ஜெனீவாவிலும் இல்லை. அது நம் பெயரிலுள்ள காணி உறுதிகளிலே இருக்கிறது.